டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையில் இருப்பவர்களே, ரத்தப் பரிசோதனையில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பழைய புல்லட்:
மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைக் கட்டியோடு சேர்த்து எடுத்த பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு சஸ்டனான் 250 (டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி) போட்டுக்கொள்கிறேன். ஊசி, ஜெல் பற்றியெல்லாம் இங்கே விளக்க வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் பையன் சொன்ன நாளில் வரவில்லை. ஊசி போட்ட மறுநாள் காலையில்தான் வந்தான். என் டாக்டரும் லீவு. அவர் நாற்காலியில் இருந்தவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். டெஸ்டோஸ்டிரோன் '1500க்கு மேல்' என்று அச்சாகியிருந்தது. அந்த மெஷின் அதற்கு மேல் எண்ணாது. பேனாவால் அதைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டுவிட்டு, தலையைத் தூக்காமலே கேட்டார்: "ஜிம்முக்குப் போறீங்களா? வெளியே தனியா ஏதாவது போட்டுக்கிறீங்களா?" பக்கத்தில் என் மனைவி.

ஊசி போட்ட தேதியைச் சீட்டின் பின்னால் எழுதியிருக்கிறேன் சார் என்றேன். திருப்பிப் பார்க்கவே இல்லை. அடுத்த ஊசியை நிறுத்தச் சொல்லி எழுதிவிட்டார். சஸ்டனானில் நான்கு வகை எஸ்டர், அதாவது வெவ்வேறு வேகத்தில் ரத்தத்தில் கலக்கும் டெஸ்டோஸ்டிரோன் வடிவங்கள், இருக்கிறது. போட்ட ஒன்றிரண்டு நாளில் அளவு உச்சிக்குப் போகும், மூன்றாவது வாரக் கடைசியில் கீழ் எல்லைக்கு இறங்கிவிடும். மறுநாள் எடுத்தால் யாருக்கும் அப்படித்தான் வரும். என் டாக்டர் திரும்பி வந்ததும் இரண்டு ஊசிக்கும் நடுவில் ஒரு நாள் பார்த்து எடுக்கச் சொன்னார். 430. டோஸ் மாறவில்லை.

அதெல்லாம் சரி. அன்று வண்டியில் திரும்பும்போது மனைவி மெதுவாக, "நிஜமாவே வெளிய எதுவும் போடலல்ல?" என்று கேட்டாள். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தோள்பட்டை ஜெல்:
'நடுவில் எடுக்க வேண்டும்' என்பதை எல்லோருக்கும் பொது விதி ஆக்கிவிடாதீர்கள் நண்பரே. அது உங்கள் ஊசிக்கு. நான் ஜெல். காலையில் குளித்துவிட்டு இரண்டு தோளிலும் மேல்கையிலும் தடவிக்கொண்டு நேராக லேபுக்குப் போனேன். 1180 என்று வந்தது. எனக்கு இளவயதில்கூட அவ்வளவு இருந்திருக்காது! டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார்: "எந்தக் கையில குத்தினாங்க?" நான் கையைக் காட்டியதும் சிரித்தார். தோலில் ஒட்டியிருந்த மருந்து ஊசியோடு சேர்ந்து டியூபுக்குள் போயிருக்கிறது. அடுத்த முறை தடவாத கையில் எடுத்தார்கள். 510.

ஒவ்வொன்றுக்கும் நேரம் வேறு. ஜெல் என்றால் ஆரம்பித்து ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும், தடவி 2 முதல் 8 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். எனாந்தேட், சிபியோனேட் போன்ற சில வார இடைவெளி ஊசிகளுக்குத்தான் நடுவில் எடுப்பது. அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டியின் (ஹார்மோன் மருத்துவர்கள் சங்கம்) 2018 வழிகாட்டி, அந்த நடு அளவு 350க்குக் கீழேயோ 600க்கு மேலேயோ போனால் டோஸையோ இடைவெளியையோ மாற்றச் சொல்கிறது. 10 முதல் 14 வாரத்துக்கு ஒருமுறை போடும் 1000 மில்லிகிராம் அன்டெக்கனோயேட் ஊசிக்கு, அடுத்த ஊசி போடுவதற்குச் சற்று முன்னால். இதில் நீங்கள் எது என்று சொல்லாமல் வெறும் எண்ணை மட்டும் இங்கே போட்டு 'இது நார்மலா' என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. போன வாரம்கூட ஒருவர் கேட்டார்.

தேம்ஸ் தமிழன்:
என் கதை சின்னது. இங்கே இங்கிலாந்தில் ரிப்போர்ட் நானோமோல் கணக்கில் வரும். 14.6 என்று வந்ததைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மதுரையில் இருக்கும் சித்தப்பா நடுராத்திரியில் போன் செய்து, "பதினாலா? டேய், நம்ம ஊர்ல முந்நூறுக்குக் கீழ போனாலே கவலைப்படுவாங்கடா, உடனே கிளம்பி வா" என்று கத்தினார். 28.8 ஆல் பெருக்குங்கள் சித்தப்பா, நம்ம ஊர் நானோகிராம் கணக்கில் 420 வரும் என்று சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை. என் அம்மா இன்றுவரை நம்பவில்லை.

குறட்டை மன்னன்:
பழைய புல்லட், நீங்கள் டெஸ்டோஸ்டிரோன் எண்ணையே பிடித்துத் தொங்குகிறீர்கள். அந்த ரிப்போர்ட்டில் பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம், எவ்வளவு? அதைச் சொல்லவே இல்லையே.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம், பிரியாணியில் கை வைத்த நேரத்தில், லேபிலிருந்து போன். எடுத்ததும், "சார், நீங்க நல்லா இருக்கீங்களா?" என்றான். எதுக்குப்பா என்றேன். "இல்ல சார், சும்மா... பிசிவி 55 காட்டுது, டாக்டரை இன்னைக்கே பார்த்துடுங்க." அந்தக் குரலில் இருந்த தயக்கத்தைக் கேட்டபின் கை இலைக்குப் போகவில்லை. 54ஐத் தாண்டினால் ஊசியை நிறுத்திவைத்து, இறங்கிய பிறகு குறைந்த டோஸில் ஆரம்பிப்பார்கள். எனக்கு அதோடு தூக்கப் பரிசோதனையும் எழுதினார்கள். பெயரைப் பார்த்தாலே காரணம் புரிந்திருக்கும். ராத்திரி மூச்சு நின்று நின்று வருவதும் ரத்தத்தைக் கெட்டியாக்குமாம். இப்போது மூக்கில் மெஷின் மாட்டிக்கொண்டு தூங்குகிறேன்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்குச் சில விஷயம், யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். ஊசி ஆரம்பிக்கும் முன்பே பிசிவி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய ரிப்போர்ட் இல்லாமல் ஏறியதா இறங்கியதா என்று எப்படிச் சொல்வது? அப்புறம் 3 முதல் 6 மாதத்துக்குள் ஒன்று, பிறகு வருடத்துக்கு ஒன்று. டெஸ்டோஸ்டிரோன் எலும்பு மஜ்ஜையைச் சிவப்பணு செய்யச் சொல்லித் தூண்டும், அது மருந்தின் வேலையில் ஒரு பகுதிதான். ஜெல்லைவிட ஊசியில் இது அதிகம் ஏறும். சிகரெட் இருந்தால் இன்னும் மோசம். பரிசோதனைக்கு முந்தின நாள் தண்ணீர் நிறையக் குடியுங்கள், காய்ந்த உடம்போடு போனால் பிசிவி சும்மாவே ஒன்றிரண்டு கூடக் காட்டும். கல்லீரல், சிறுநீரகம், வைட்டமின் என்று எண்பது டெஸ்ட் கொண்ட பேக்கேஜை விற்பார்கள், அதில் மயங்காதீர்கள். கடைசியாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்ததானம் செய்துவிடுங்கள். பிசிவி தானாக இறங்கும், புண்ணியமும் சேரும்.

டியூப் நிறம் தெரிந்தவள்:
லேபில் ரத்தம் எடுப்பது என் வேலை. குறட்டை மன்னன் சார், கடைசி வரி தவிர மற்றதெல்லாம் சரி. டோஸையும் குறட்டையையும் அப்படியே விட்டுவிட்டு ரத்தத்தை மட்டும் இறக்கிக்கொண்டே போனால் இரும்புச் சத்து காலியாகும். பிசிவி 50, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் எண்) தரையில் என்று ரிப்போர்ட் வைத்துக்கொண்டு, "களைப்பா இருக்கு, ஊசி வேலை செய்யல" என்று சொல்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். ரத்த வங்கியின் படிவத்தில் என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்பார்கள், மறைக்காமல் எழுதுங்கள். எடுக்க வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

பழைய புல்லட் அண்ணா, சீட்டின் பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. பில் போடும்போதே 'கடைசி ஊசி இந்தத் தேதி' என்று குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். எங்கள் லேபில் அது ரிப்போர்ட்டிலேயே அச்சாகும்.

என்னை உறுத்துவது வேறு. காலை ஏழு மணிக்கு நிற்க இடமில்லாத கூட்டம். புதிதாகச் சேர்ந்த பெண் சீட்டைப் பார்த்து, "டெஸ்டோஸ்டிரோன் யாரு? டெஸ்டோஸ்டிரோன்!" என்று ஹாலுக்கே கேட்கும்படி கூப்பிட்டாள். ஒருவரும் எழவில்லை. வேட்டி கட்டிய ஒருவர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வெளியே போனவர் திரும்பி வரவே இல்லை. அன்றிலிருந்து எங்கள் இடத்தில் டோக்கன் எண் மட்டும்தான். அவர் வேறு எங்காவது எடுத்தாரா என்று தெரியவில்லை.

ஒன்று மறந்துவிட்டேன். முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் சொல்லிவிடுங்கள். சில மெஷின்களில் அது டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டிக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017லேயே பயோட்டின் பரிசோதனைகளைக் குழப்பும் என்று எச்சரித்திருக்கிறது.

நம்பி:
நான் திருநம்பி. இரண்டு பக்க ரிப்போர்ட் முழுக்க தடித்த எழுத்தில் 'அதிகம், அதிகம்' என்று வந்தால் எப்படி இருக்கும்? ஹீமோகுளோபின் 15.8, பிசிவி 47, டெஸ்டோஸ்டிரோன் 520. ஆணுக்கு இதில் ஒன்றும் இல்லை. என் அடையாள அட்டையில் அப்போது பழைய பாலினம் இருந்ததால், பெண்களுக்கான வரம்பைப் பக்கத்தில் அச்சடித்துவிட்டார்கள். ரிப்போர்ட் வரும் முன்பே லேபிலிருந்து போன்: "மேடம், சாம்பிள் மாறிடுச்சு போல, வேற யாரோ ஜென்ட்ஸோடது வந்திருக்கு. திரும்ப வர முடியுமா?"

என் தாடியைப் பார்த்துக்கொண்டேதான் அந்த லேபில் ரத்தம் எடுத்தார்கள்.

முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதால் இதே கூத்து ஒவ்வொரு முறையும். ஹார்மோன் டாக்டர் அந்த வரம்புகளை அடித்துவிட்டு ஆண் வரம்பைக் கையால் எழுதினார். இந்தப் பேப்பரை எப்போதும் கையில் வைத்துக்கொள் தம்பி என்றார். தம்பி என்றதும் சேர்த்துத்தான் எனக்கு ஞாபகம்.

கொல்லிமலைக் காற்று:
இவ்வளவு ஊசி, இவ்வளவு டெஸ்ட் எதற்கு? முருங்கைக்கீரை, அமுக்கரா, பூனைக்காலி விதை. நம் முன்னோர் எந்த லேபுக்குப் போனார்கள்?

பழைய புல்லட்:
அய்யா, உத்தரவு கொடுக்கும் சுரப்பியையே எனக்கு வெட்டி எடுத்துவிட்டார்கள். முருங்கைக்கீரை யாருக்கு உத்தரவு போடும்? பொரியல் சாப்பிடுகிறேன், ருசிக்காக.

நடு வீட்டு மாப்பிள்ளை:
சுரப்பி என்றதும் எழுதத் தோன்றியது. ஊசியில் இருக்கும்போது ஒரு டாக்டர் எல்.எச். டெஸ்டும் (விதைகளுக்கு உத்தரவு போடும் பிட்யூட்டரி ஹார்மோன்) சேர்த்து எழுதினார். 0.1க்குக் கீழே. "மூளையில ஏதோ இருக்கலாம், ஸ்கேன் எடுத்துடுங்க" என்று என் அம்மா காதுபடச் சொன்னார். அம்மா அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளை 'போதும்' என்று எல்.எச்.சை நிறுத்திவிடும், அதனால் ஊசி போடுபவருக்கு அது அடியில்தான் இருக்கும். ஸ்பெஷலிஸ்ட் ஊசிக்கு முந்தைய கோப்பை மட்டும் பார்த்துவிட்டு, ஸ்கேன் வேண்டாம் என்று இரண்டு நிமிடத்தில் முடித்தார்.

ஆனால் அதே காரணத்தால்தான் விந்தணுவும் நிற்கிறது, அதை எனக்கு ஊசி எழுதியவர் சொல்லவே இல்லை. கல்யாணமாகிக் குழந்தைக்காகப் பரிசோதனை செய்தபோது எண்ணிக்கை பூஜ்யம். உலக சுகாதார நிறுவனம் வாரம் 200 மில்லிகிராம் எனாந்தேட் கொடுத்து இதையே ஆண்களுக்கான கருத்தடையாகச் சோதித்து 1990இல் முடிவை வெளியிட்டிருக்கிறது. எனக்குத் தெரிந்தது அதற்கு இவ்வளவு வருடம் கழித்து! இப்போது டெஸ்டோஸ்டிரோனை நிறுத்தி, எல்.எச். போலவே விதைகளைத் தூண்டும் எச்.சி.ஜி. ஊசியில் இருக்கிறேன். திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும் என்கிறார்கள். குழந்தை வேண்டும் என்பவர்கள் முதல் ஊசிக்கு முன்பே கேளுங்கள்.

ஓய்வூதியர்:
வயது 61. புராஸ்டேட்டுக்காகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையான பிஎஸ்ஏ ஒரே வருடத்தில் 2.1இலிருந்து 3.8. நான்குக்குள்தானே இருக்கிறது என்று மருந்துக்கடைத் தம்பி தைரியம் சொன்னார், பிறகு அவரே, "ஆனா கேன்சரும் இப்படித்தான் சார் ஆரம்பிக்கும்" என்றார். மீதிச் சில்லறையை வாங்காமல் வந்துவிட்டேன். 12 மாதத்துக்குள் 1.4க்கு மேல் ஏறினால் யூராலஜிஸ்ட்டைப் பார்க்க வேண்டுமாம், நான்கைத் தாண்டினாலும்தான். பார்த்தேன். சிறுநீரில் தொற்று. அதைச் சரிசெய்து சில வாரம் விட்டு எடுத்தபோது 2.3. இனி எந்த லேபில் எடுப்பது என்பதுதான் குழப்பம், பென்ஷன்காரருக்குச் சலுகை தரும் லேப் ஒன்று பக்கத்தில் திறந்திருக்கிறார்கள்.

டியூப் நிறம் தெரிந்தவள்:
பழைய லேபிலேயே எடுங்கள் அப்பா. மெஷின் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும், ஏறியதா என்று ஒப்பிட முடியாது. முந்தின இரண்டு நாள் சைக்கிள் ஓட்ட வேண்டாம். முடி கொட்டுவதற்கோ புராஸ்டேட்டுக்கோ ஃபினாஸ்டரைடு சாப்பிடுகிறீர்களா? அது பிஎஸ்ஏவைப் பாதியாகக் காட்டும்.

ஓய்வூதியர்:
சைக்கிளை விற்று வருஷமாச்சு அம்மா. முடியும் அதற்கு முன்னாலேயே போய்விட்டது.