மாசாய் மாரா, செரங்கெட்டி, க்ரூகர் போய் வந்தவர்களே, உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

காவிரிக்கரை:

போன ஆகஸ்ட்டில் கென்யாவில் மாசாய் மாரா போனோம். மூன்று இரவு, ஆறு பேர், ஒரு லேண்ட் க்ரூசர். செலவு, விமானம் எல்லாம் இங்கே பலர் எழுதியாகிவிட்டது. ஒரே ஒரு காலை நேரம் மட்டும் எனக்குள் கிடந்து உறுத்துகிறது, அதற்காகத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இரண்டாம் நாளுக்குள் சிங்கம், யானை, எருமை, சிறுத்தை எல்லாம் பார்த்தாகிவிட்டது. சிவிங்கிப்புலிதான் (சீட்டா) பாக்கி. காலையில் வண்டி ஏறியதிலிருந்து ஓட்டுநரிடம் "டூமா, டூமா" என்று நச்சரித்தது நான்தான். ஸ்வாஹிலியில் அதற்கு அந்தப் பெயர். ஒன்பது மணி சுமாருக்கு அவர் கண்ணில் பட்டது. கரையான் புற்றின் மேல் தாய், கீழே புல்லுக்குள் நான்கு குட்டிகள். பத்து நிமிடம் எங்களைத் தவிர யாரும் இல்லை. அப்புறம் அது இறங்கி, தலையைத் தாழ்த்திக்கொண்டு நடந்து, ஒரு தாம்சன் மானைத் துரத்திப் பிடித்துவிட்டது. ஓட்டம் தொடங்கி முடிய அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அதற்குள் எங்கள் ஓட்டுநர் ரேடியோவில் சொல்லியிருந்தார். இன்று இவர் சொன்னால் நாளை இன்னொருவர் இவருக்குச் சொல்வார், அது அவர்களுக்குள் இருக்கும் பழக்கம். நான் எண்ணினேன், பதினேழு வண்டி. தாய்க்கு மூச்சு வாங்கியது. விலா எலும்பு ஏறி இறங்குவது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. இரையில் வாய் வைக்காமல் தலையைத் தூக்கித் தூக்கிச் சுற்றிலும் பார்த்தது. எந்தப் பக்கமும் வண்டிதான். எங்கள் வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவே ஒரு கதவு அகலத்துக்குத்தான் சந்து. அந்தச் சந்து வழியாகத்தான் கழுதைப்புலி வந்தது. அது தூரத்தில் வரும்போதே நாங்கள் பார்த்துவிட்டோம். தாய்க்குத் தெரியவில்லை. மறைத்துக்கொண்டு நின்றது நாங்கள்.

தாய் ஒரு நொடிகூட எதிர்க்கவில்லை, இரையை விட்டுவிட்டு நகர்ந்துவிட்டது. போகும்போது குட்டிகளைக் கூப்பிட்டது. உறுமல் இல்லை, குருவி கீச்சிடுகிற மாதிரி ஒரு சத்தம். குட்டிகளும் அதே மாதிரி பதில் கொடுத்துக்கொண்டே பின்னால் போயின. அந்தக் கீச்சுச் சத்தம்தான் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

ங்கோங் மலையடிவாரம்:

நைரோபியில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். நண்பரே, நீங்கள் எழுதியது நடக்கவே கூடாத விஷயம், ஆனால் சீசனில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. மாராவில் ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. மற்ற வண்டிகள் தள்ளி நின்று, முறை வந்ததும் வரவேண்டும். ஓட்டுநரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாம் கேட்கும் விலங்குகளின் பட்டியலை முடித்துக் கொடுத்தால்தான் நல்ல டிப்ஸ் என்று அவருக்கு நாம்தான் பழக்கியிருக்கிறோம். சிவிங்கிப்புலி பலசாலி இல்லை. வேகத்துக்காகவே அமைந்த உடம்பு, சண்டைக்குத் தாங்காது. ஓடிப் பிடித்த களைப்பு தீரும் முன்பே இரையைப் பறிகொடுக்கிறது. வண்டிக் கூட்டம் அதிகமுள்ள பகுதிகளில் தாய்கள் வளர்த்து ஆளாக்கும் குட்டிகள் மிகக் குறைவு என்று மாராவிலேயே ஆய்வு செய்து 2018ல் வெளியிட்டார்கள். ஆகவே முன்பதிவு செய்யும்போதே எழுத்தில் கேளுங்கள்: "கூட்டம் சேர்ந்தால் எங்கள் வண்டி விலகிப் போகுமா?" பதில் எப்படி வருகிறது என்பதை வைத்தே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். இன்னொன்று, மாரா ரிசர்வுக்கு வடக்கே மாரா நார்த், நபோயிஷோ, ஒலாரே மோட்டோரோகி என்று கன்சர்வன்சிகள் இருக்கின்றன. அந்த ஊர் மாசாய் இனக் குடும்பங்கள் தங்கள் நிலத்தை வாடகைக்கு விட்ட இடங்கள். அங்கே தங்குபவர்களின் வண்டிகள் மட்டும்தான் ஓடும், இரவு சவாரியும் உண்டு. விலை அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரிசர்வில் 2024 முதல் ஜூலையிலிருந்து டிசம்பர் வரை வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 200 டாலர் நுழைவுக் கட்டணம், மீதிப் பாதி வருடத்துக்கு அது 100. கூட்டிக் கழித்தால் வித்தியாசம் நீங்கள் நினைக்கிற அளவு இருக்காது.

என் அனுபவம் சின்னதுதான். அப்படி ஒரு கன்சர்வன்சியில் காலை சவாரி. வழியில் ஒரு மாசாய் பெரியவர் மாட்டின் தொடையில் மருந்து தடவிக்கொண்டிருந்தார். நான்கு நகக் கீறல், ஒவ்வொன்றும் விரல் ஆழம். ராத்திரி சிங்கம் பட்டிக்குள் பாய்ந்திருக்கிறது. அவர் எங்களுக்குக் கையை ஆட்டி, சிங்கம் எந்தப் பக்கம் போனது என்று வழியும் காட்டினார். நாங்கள் அந்தச் சிங்கத்தைத்தான் படம் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தோம்.

பூகோள வாத்தியார் மகள்:

என் கதை காட்டுக்குள் தொடங்கவில்லை, வீட்டில் தொடங்கியது. அப்பா பூகோள ஆசிரியர். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர் என்று சொல்லிக்கொடுத்தவர். ஓய்வு பெற்றதும், அந்த மலை தெரிகிற கென்யாவின் அம்போசெலி பூங்காவுக்குப் போகலாம் என்று பணம் சேர்த்து, எல்லாம் பதிவு செய்தோம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டும் என்பது கடைசியில்தான் எங்களுக்குத் தெரிந்தது. "மஞ்சள் காமாலைக்கா ஊசி?" என்று அப்பா கேட்டார். இது வேறு நோய். அறுபது தாண்டியவர்களுக்கு அதை முதல் முறையாகப் போடுவதில் ஆபத்து கூடுதல் என்று குடும்ப மருத்துவர் வேண்டாம் என்றுவிட்டார். ஊசி இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். "நீங்க போய்ட்டு வாங்க" என்றார் அப்பா. போனோம்.

மறுநாள் காலை ஆறேகால் மணிக்கு மலை முழுசாகத் தெரிந்தது. உச்சியில் பனி, கீழே ஒரு யானைக் கூட்டம் சதுப்பை நோக்கி வரிசையாகப் போகிறது. அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். மூன்று தடவை அறுந்தது. நான்காவது தடவை அவர் முகம் வந்தபோது மலையை மேகம் மூடியிருந்தது. "யானை தெரியுதும்மா, நல்லா தெரியுது" என்றார்.

தயவுசெய்து டிக்கெட் போடுவதற்கு முன்னால் பெரியவர்களை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், நாளும் நேரமும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், ஆகவே கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுவதும் போதும். மலேரியா மாத்திரையும் அதே மருத்துவரிடம் கேளுங்கள். நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து சின்ன விமானத்தில் போவதாக இருந்தால் ஒருவருக்கு 15 கிலோதான், கைப்பையும் சேர்த்து, அதுவும் வளைந்து கொடுக்கிற துணிப்பையாக இருக்கவேண்டும். சக்கரம் வைத்த பெட்டி ஆகாது. முறுக்கு, தட்டையைப் பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை. கருநீலம், கறுப்பு நிற உடை வேண்டாம், கடிக்கிற செட்ஸி ஈ அந்த நிறத்தைத் தேடி வரும். காலையில் குளிர் நடுக்கும், ஸ்வெட்டர் கட்டாயம். ஆப்பிரிக்கா என்றால் வெயில்தான் என்று நினைத்து நாங்கள் ஏமாந்தோம்.

சாபி ஆற்றோரம்:

தென்னாப்பிரிக்கா, க்ரூகர். வேலைக்காக ஜொகன்னஸ்பர்கில் இருந்தபோது நாங்களே கார் ஓட்டிக்கொண்டு போனோம். ஸ்குகூசா முகாமுக்கும் லோயர் சாபி முகாமுக்கும் நடுவே ஆற்றை ஒட்டிய தார்ச்சாலை. ஜூன் மாதம், முகாம் கேட் ஐந்தரைக்கு மூடிவிடும். மணி ஐந்து. சாலை நடுவில் ஒரு யானை.

தந்தம் இருந்தது, கன்னத்தில் நீர் வழிந்தது. நம் ஊரில் வளர்ந்தவன், கோயில் யானையும் முதுமலை யானையும் பார்த்த கண். தந்தம் என்றால் ஆண், கன்னத்தில் நீர் என்றால் மதம் என்று முடிவு கட்டினேன். தனி ஆண் யானைதான், மெதுவாக ஓரமாகப் போய்விடலாம், கேட்டுக்குப் போய்ச் சேரணும் என்று கிட்டத்தட்ட இருபது மீட்டர் வரைக்கும் போய்விட்டேன். அப்போதுதான் இடப் பக்கப் புதரிலிருந்து ஒரு குட்டி எட்டிப் பார்த்தது. நாங்கள் இரண்டுக்கும் நடுவில். அது பெண் யானை. ஆப்பிரிக்க யானையில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. பதற்றத்தில் பெண்ணுக்கும் கன்னத்தில் நீர் வழியும்.

காதை விரித்து நின்றது. அந்தக் காதின் ஓரம் கிழிந்து, கிழிசல் வழியே பின்னால் இருந்த வானம் தெரிந்தது. ரிவர்ஸ் கியர் விழ மாட்டேன் என்றது, கை நடுங்கியதால். மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை, பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பையன் காலைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் எடுத்தேன், ஐம்பது, அறுபது மீட்டர். குட்டி சாலையைக் கடந்தது, தாயும் போனது. கேட்டுக்கு இருபது நிமிடம் தாமதம், அபராதம் கட்டினேன். பையனிடம் இன்னும் இதைச் சொல்லவில்லை.

ந்டூட்டு பிப்ரவரி:

ங்கோங் மலையடிவாரம் அண்ணா சொல்வதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. கன்சர்வன்சியில் தங்கு என்பது எல்லோருக்கும் சரிவராது. சேமிப்பில் ஒரே ஒருமுறை போகிறவர்கள்தான் நம்மில் அதிகம். அதற்குப் பதில் மாதத்தை மாற்றலாமே? நம் ஆட்கள் எல்லோரும் ஜூலை, ஆகஸ்ட் என்றே போய் விழுகிறோம், வைல்ட்பீஸ்ட் என்கிற, மாடு மாதிரி இருக்கும் மான் கூட்டம் ஆறு தாண்டுவதைப் பார்க்க. அந்த மந்தை வருடம் முழுக்க நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை அது தான்சானியாவில், செரங்கெட்டியின் தெற்கே ந்டூட்டு சமவெளியில் இருக்கும். எரிமலைச் சாம்பல் படிந்த மண், அதில் முளைக்கும் குட்டைப் புல்லில் கன்று போட்ட தாய்க்கு வேண்டிய சத்து இருக்கிறது. லட்சக்கணக்கான கன்றுகள் சில வாரங்களுக்குள் பிறக்கின்றன. ஒரே சமயத்தில் அத்தனை பிறந்தால் சிங்கமும் கழுதைப்புலியும் எவ்வளவுதான் தின்னும்? மிச்சம் பிழைத்துக்கொள்ளும். கன்று விழுந்து சில நிமிடங்களில் எழுந்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் அங்கேயும் மனசு நோகாமல் வரலாம் என்று சொல்ல மாட்டேன். மூன்றாம் நாள் மதியம், மந்தை நகர்ந்துவிட்ட வெட்டவெளியில் ஒரு கன்று தனியாக நின்றது. தொப்புள் கொடி காயவில்லை. எங்கள் வண்டியைப் பார்த்ததும் ஓடி வந்தது. பிறந்த கன்று தன்னருகே அசைகிற பெரிய உருவத்தின் பின்னால் போகும், அதன் இயல்பு அது. தாயைத் தொலைத்தால் வண்டியின் பின்னாலும் வரும். ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார், அது நின்றது. போட்டார், கூடவே ஓடி வந்தது. மறுபடி அணைத்தார். பின் சக்கரத்தின் ஓரத்தில் மூக்கை வைத்து முட்டியது, பால் தேடுகிற மாதிரி. டயரில் அதன் எச்சில் ஈரம் தெரிந்தது. இறங்கக் கூடாது, தொடக் கூடாது. கடைசியில் அவர் மந்தை போன திசையில் ஆள் நடக்கிற வேகத்தில் வண்டியை ஓட்டினார். முக்கால் மணி நேரம். மந்தைக்குப் பக்கத்தில் வந்ததும் வேகமெடுத்து விலகிவிட்டார். கூட்டத்தில் வேறு தாய் சேர்க்காது, அதன் தாய் கிடைத்தால்தான் உண்டு என்று அவரே சொன்னார். ஆனாலும் ஓட்டினார்.

ஸ்கார்பரோ:

நான் கனடாவில் இருந்து எழுதுகிறேன். கென்யாவில் நைவாஷா ஏரிக்கரையில் கூடாரத்தில் தங்கினோம். இருட்டினால் காவலாளி இல்லாமல் வெளியே நடக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அம்மாவின் பிரஷர் மாத்திரை சாப்பாட்டு மண்டபத்தில் கிடந்தது, முப்பது அடிதானே என்று தனியாகப் போனேன். புல்லைப் பிடுங்கும் சத்தம் கேட்டது, மாடு மேயும் சத்தம் மாதிரி. ஊரில் எங்கள் வீட்டு மாடு அப்படித்தான் மேயும், அதனால் பயமே வரவில்லை. காவலாளி தூரத்தில் இருந்து டோர்ச் அடித்தார். நீர்யானை, அதற்கும் ஏரிக்கும் நடுவில் நான். அதன் தண்ணீர்ப் பாதையை மறித்துக்கொண்டு நின்றது நான். அவர் வாயைத் திறக்காமல் கையால் மட்டும் "பின்னால் வா" என்று காட்டினார். மாத்திரையை அவரே எடுத்துவந்து தந்தார்.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. ங்கோங் மலையடிவாரம் ஐயா, அந்தக் கேள்வியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். எங்கள் ஓட்டுநரை நான் குறை சொல்லவில்லை, நச்சரித்தது நான் என்று எழுதியிருக்கிறேன். "போதும், விலகலாம்" என்று ஒரு வார்த்தை நாங்கள் யாரும் சொல்லவில்லை, ஆறு பேரில் ஒருவர்கூட.

ந்டூட்டு பிப்ரவரி, ஒன்று கேட்கணும். அந்தக் கன்றைப் பிறகு பார்த்தீர்களா?

ந்டூட்டு பிப்ரவரி:

மறுநாள் காலை அந்தப் பக்கமே போகச் சொன்னோம். ஆயிரக்கணக்கில் கன்றுகள் இருந்தன, எல்லாம் ஒரே நிறம், ஒரே உயரம். ஓட்டுநர் வண்டியை நிறுத்தி எஞ்சினைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். எதுவும் வண்டியை நோக்கி வரவில்லை. அரை மணி நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பினோம்.