மூன்று நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது: காரணம் கண்டறிய உதவி தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் குடும்பக் கார் 2013ஆம் ஆண்டு வாங்கிய பெட்ரோல் வண்டி. மூன்று நாள் ஓட்டாமல் நிறுத்தினால், சாவியைத் திருப்பும்போது 'டக்' என்ற ஓசை மட்டுமே வருகிறது. மல்டிமீட்டரில் பேட்டரி 11.8 வோல்ட் காட்டுகிறது. முழுதாகச் சார்ஜ் ஏற்றினால் 12.6 வோல்ட் நிற்கிறது, எஞ்சின் ஓடும்போது 14.2 வோல்ட் வருகிறது என்பதால், ஆல்டர்னேட்டரில் (எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி) கோளாறு இல்லை என்றே கருதுகிறேன்.

வண்டியைப் பூட்டி அரைமணி நேரம் காத்திருந்து, நெகட்டிவ் முனையில் மீட்டரைத் தொடராக இணைத்துப் பார்த்தபோது 0.36 ஆம்பியர் மின்சாரம் ஓடியது. 0.05க்குள் இருக்க வேண்டிய அளவு இது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றியதில், உள்விளக்கு, டிக்கி விளக்கு, ஆடியோ மூன்றுக்கும் பொதுவான 15 ஆம்பியர் ஃபியூஸை எடுத்ததும் 0.03ஆகக் குறைந்தது. விளக்குகளின் பல்புகளைக் கழற்றியும் மாற்றமில்லை. இடப்பக்க மிதியடிக்குக் கீழே ஈரம் கசிந்து, அங்குள்ள கனெக்டர் ஒன்றின் பின்கள் பச்சை பூத்திருக்கின்றன. என் சந்தேகமெல்லாம் அதன்மேல்தான்.

அந்தக் கனெக்டரைச் சுத்தம் செய்தால் போதுமா, அல்லது டாஷ்போர்டைத் திறந்து ஆடியோவை முதலில் துண்டித்துப் பார்க்க வேண்டுமா? ஏர்பேக் வயர்களும் அவ்வழியே செல்வதால் அனுமானத்தில் கை வைக்க அஞ்சுகிறேன். அம்மாவை அவசரமாக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல இந்த ஒரு வண்டிதான் உள்ளது. இதே கோளாற்றைச் சரிசெய்த அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.