புதுப்பிப்பு: பிள்ளைகளோடு சின்னப் பனிச்சறுக்கு மலைக்குப் போய் வந்தோம்

பிள்ளைகள் பனிச்சறுக்கு பழகப் பெரிய ரிசார்ட் நல்லதா, சின்ன மலை நல்லதா என்று இங்கே கேட்டிருந்தேன். பலரும் சின்ன மலை என்றீர்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் ரிச்மண்டில் உள்ள காக்ரன்ஸ் என்ற சின்னப் பனிச்சறுக்கு மலைக்குப் போனோம். அருமையான யோசனை, நன்றி!

1961இல் மிக்கி காக்ரன் தம் வீட்டுக்குப் பின்னாலிருந்த சரிவில் இழுவைக் கயிறு (பிடித்துக்கொண்டால் சறுக்குபவர்களை மேலே இழுத்துப்போகும் ஓடுகிற கயிறு) போட்டுத் தொடங்கிய இடம் அது. அவருடைய நான்கு பிள்ளைகளும் அமெரிக்கப் பனிச்சறுக்கு அணியில் இடம்பெற்றார்கள். மகள் பார்பரா 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் ஸ்லாலம் (கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் போட்டி) தங்கம் வென்றார். பேரன் ரயன் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சூப்பர் ஜி என்ற வேகப் போட்டியில் வெள்ளி. அந்தக் குட்டிச் சரிவிலிருந்து!

இழுவைக் கயிறு பற்றிக் கேட்டவர்களுக்கு: ஓடுகிற கயிற்றைச் சட்டென்று பிடித்தால் ஆளை முன்னால் இழுத்துத் தள்ளிவிடும். முதலில் கைக்குள் வழுக்க விட்டு, மெல்ல மெல்ல இறுக்க வேண்டும். கயிறு உரசுவதால் கம்பளிக் கையுறை தாங்காது, தோல் கையுறைதான் சரி.

அப்புறம், சரிவு சின்னது என்பதே பெரிய வசதி. இறங்கிய கையோடு மறுபடி மேலே போய்விடலாம். பெரிய மலையில் மேலே ஏற்றிப்போகும் லிஃப்டில் கழியும் நேரம் இங்கே பயிற்சியாகிறது. என் மகள் இப்போது சறுக்கும்போது வளைந்து திரும்புவதையும் நிற்பதையும் தானாகவே செய்கிறாள். இந்தப் பருவம் முழுக்க இங்கேதான்.