காலையில் கொங்கிறீற் மிக்சர் போட்டால் ட்ரிப் சுவிச் விழுகிறது, மத்தியானம் விழுவதில்லை. என்ன பிழை?

வீடு கட்டுபவர், ஒட்டுசுட்டான்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் பீம் கொங்கிறீற் வேலை நடக்கிறது. மீற்றருக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் 32 அம்பியர் பிறேக்கர், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் (கரண்ட் வெளியே கசிந்தால் வெட்டும் சுவிச்), இரண்டு சொக்கட் பூட்டி, அதிலிருந்து நீட்டு வயர் இழுத்து மிக்சர் மெசினுக்குக் கொடுக்கிறோம். காலையில் மெசினைப் போட்டதும் ட்ரிப் சுவிச் விழுந்துவிடும், எத்தனை தரம் தூக்கிவிட்டாலும் நிற்காது. வெயில் ஏறிய பிறகு அதே மெசின் அதே வயரில் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் நேற்று மத்தியானம் கல் அள்ளிப் போட்ட பொடியன் மெசினில் கை பட்டதும் விறுவிறுத்தது என்றான். செருப்புப் போட்டிருந்தான். சுவிச்தான் பழுது, கழற்றிவிட்டு நேரே கொடுங்கள், பிறேக்கர் இருக்கிறதுதானே என்கிறார் எங்கள் மேசன். எனக்கு மனம் ஒப்பவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேசன், தருமபுரம்:
ஈரத்துக்கு அப்படித்தான் விழும் தம்பி. 30ஐக் கழற்றிவிட்டு 100 மில்லி அம்பியர் பூட்டுங்கள், நிற்கும். கொங்கிறீற்றைப் பாதியில் விட ஏலாது.

வயர்மன், மாங்குளம்:
அண்ணை, குறை நினைக்காதீர்கள், அதைச் செய்யவே கூடாது. 100 மில்லி அம்பியர் சுவிச் ஆளைக் காப்பாற்றுவதற்கு உள்ளதல்ல. உடம்பினூடாக 10 மில்லி அம்பியர் அளவில் போனாலே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 30க்கு மேலே கொஞ்ச நேரம் போனால் இதயத்தின் துடிப்பே குழம்பிவிடலாம். அதனால்தான் ஆளுக்கான சுவிச்சை 30இல் வைத்திருக்கிறார்கள்.

தம்பி, உங்கள் சுவிச் பழுதென்று எனக்குத் தோன்றவில்லை. இப்போதே மெசினின் பிளக்கைக் கழற்றி வையுங்கள், ஒருவரும் தொட வேண்டாம். பிறகு மூன்று விசயம் பார்த்துச் சொல்லுங்கள். நீட்டு வயருக்குள் எத்தனை கம்பி? மெசினின் சில்லு இரும்பா ரப்பரா? காலையில் மெசினடி நிலம் எப்படி இருக்கும்?

வீடு கட்டுபவர், ஒட்டுசுட்டான்:
வயரை வெட்டிப் பார்த்தேன், உள்ளே இரண்டு கம்பிதான். பிளக்கைத் திறந்தால் எர்த் முனை வெறுமையாக இருக்கிறது. சில்லு இரும்பு. காலையில் தூணுக்கும் கல்லுக்கும் தண்ணீர் அடிப்பதால் அந்த இடம் முழுக்கச் சேறு, மத்தியானம் காய்ந்துவிடும்.

வயர்மன், மாங்குளம்:
நினைத்தது சரிதான். மெசினுக்குள் எங்கோ கரண்ட் வரும் லைவ் கம்பி மெசினின் இரும்பு உடம்போடு முட்டுகிறது. அந்தக் கரண்ட் திரும்பிப் போக எர்த் கம்பி இல்லை. காலையில் இரும்புச் சில்லு ஈரச் சேற்றில் நிற்பதால் நிலத்துக்குள் இறங்குகிறது, 30ஐத் தாண்டுகிறது, சுவிச் விழுகிறது. மத்தியானம் நிலம் காய்ந்ததும் இறங்க வழியில்லை. அதனால் சுவிச் பேசாமல் இருக்கிறது, மெசின் உடம்பில் கரண்ட் ஏறியபடியே இருக்கிறது. அந்தப் பொடியன் செருப்போடு நின்றதால் விறுவிறுப்போடு போயிற்று. வெறுங்காலோடு நின்றிருந்தால் அவன்தான் எர்த் கம்பி. ஆகவே நீங்கள் பயப்பட வேண்டியது சுவிச் விழாத மத்தியானத்துக்கு.

பிறேக்கர் இருக்கிறதுதானே என்ற பேச்சுக்கும் ஒரு கணக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம் எர்த்துக்கு அவரவர் வளவில் நிலத்துக்குள் அடிக்கும் உலோக றொட்தான் கதி. ஆவணி, புரட்டாதியில் கிரவல் நிலம் காய்ந்து கிடக்கும்போது அந்த றொட் 200 ஓம் தடை காட்டுகிறது என்று வையுங்கள். 230 வோல்ற்றை 200ஆல் பிரித்தால் 1.15 அம்பியர். 32 அம்பியர் பிறேக்கருக்கு அது ஒரு சின்னத் தண்ணீர்ப் பம்பு ஓடுகிற மாதிரி, விழவே விழாது. 30 மில்லி அம்பியர் சுவிச்சுக்கோ அது முப்பது மடங்குக்கும் மேல், கண் மூடித் திறக்குமுன் வெட்டிவிடும். பிறேக்கர் வயரைக் காக்கும், ஆளைக் காக்க ட்ரிப் சுவிச் வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியது. அந்த இரண்டு கம்பி வயரை எறிந்துவிட்டு, மூன்று கம்பியுள்ள, தடித்த ரப்பர் உறை போட்ட வயர் வாங்குங்கள். எர்த் கம்பி பலகையிலிருந்து மெசின் உடம்புவரை அறாமல் போக வேண்டும். வயரில் மூட்டு இருந்தால் நிலத்தில் கிடக்க விடாதீர்கள், தடி நட்டுத் தூக்கிக் கட்டுங்கள். றொட்டை நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் ஆழமாக அடியுங்கள், கிணற்றுத் தண்ணீர் வழிகிற பக்கம் நல்லது. ஒன்று போதாவிட்டால் இன்னொன்றை, றொட்டின் நீளத்துக்குக் குறையாத தூரம் தள்ளி அடித்து இணைக்கலாம். மெசினையும் திறந்து பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

வீடு கட்டுபவர், ஒட்டுசுட்டான்:
இங்குள்ள வயர்மனைக் கூட்டி வந்து மோட்டர்ப் பெட்டியைத் திறந்தோம். வயர் நுழையும் ஓட்டையில் இருந்த ரப்பர் வளையம் எப்போதோ போய்விட்டது. தகட்டு விளிம்பு மண்ணிற லைவ் வயரின் தோலை அரைத்துச் செம்பு தெரிந்தது. சுற்றிலும் காய்ந்த சீமெந்துப் பால் ஒரு பொருக்காக ஒட்டியிருந்தது. சுரண்டித் துடைத்து, வயரை மாற்றி, புது வளையம் போட்டோம். கரண்ட் கசிகிறதா என்று சோதிக்கும் மெகர் மீற்றரால் 500 வோல்ற் விட்டுப் பார்த்தார், மோட்டர்ச் சுற்றுக்கும் உடம்புக்கும் இடையில் 1 மெகா ஓமுக்கு நன்றாக மேலே இருக்கிறது. எர்த்தும் இழுத்தாயிற்று. இன்று காலை அதே சேற்றில் நின்று ஓடியது, சுவிச் விழவில்லை. எங்கள் மேசனும் வந்து அந்தப் பழைய வயரைக் கையில் வாங்கிப் பார்த்தார். மிக்க நன்றி அண்ணை.

கொந்தராத்துக்காரர், பரந்தன்:
இதிலேயே ஒரு சந்தேகம். எங்கள் சைற்றில் லைன் இல்லை, ஜெனறேற்றர்தான். ட்ரிப் சுவிச் பூட்டியிருக்கிறேன், சோதனைப் பொத்தானை அமுக்கினால் விழுகிறது. அப்போ பயமில்லைத்தானே?

வயர்மன், மாங்குளம்:
அந்தப் பொத்தானை மட்டும் நம்பாதீர்கள் ஐயா. அது லைவுக்கும் கரண்ட் திரும்பிப் போகும் நியூற்றல் கம்பிக்கும் இடையில் ஒரு சின்னக் கரண்டை விட்டு, சுவிச்சின் பொறி வேலை செய்கிறதா என்று மட்டும் பார்க்கும். எர்த் இல்லாவிட்டாலும் விழும். கையில் தூக்குகிற சின்ன ஜெனறேற்றர் பலதில் நியூற்றல் எதனோடும் இணையாமல் தொங்கும். அப்படியானால் மெசின் உடம்பில் லைவ் முட்டினாலும் கரண்ட் சுற்றி வர வழியில்லை, சுவிச் விழாது. இரண்டாவது மெசினும் பழுதாகிற அன்றுதான் ஆபத்துத் தெரியும். நியூற்றலை ஜெனறேற்றர் உடம்போடும் றொட்டோடும் ஒரேயொரு இடத்தில், ட்ரிப் சுவிச்சுக்கு முன்னால், இணைக்க வேண்டும். பின்னால் இணைத்தால் சுவிச் காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். இதை நீங்களாகச் செய்யாமல் மீற்றர் வைத்திருக்கிற வயர்மனைக் கொண்டு செய்யுங்கள். அந்த ஜெனறேற்றரை வேறு எந்த வீட்டு லைனோடும் சேர்த்துவிடாதீர்கள்.

மேசன், தருமபுரம்:
எங்கள் சைற்று நீட்டு வயரையும் இப்போதுதான் வெட்டிப் பார்த்தேன், அதிலும் இரண்டு கம்பிதான். நாளைக்குக் கிளிநொச்சிக்குப் போகிறேன். மூன்று கம்பியில் என்ன மொத்தம் கேட்க வேண்டும்?

வயர்மன், மாங்குளம்:
மிக்சருக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் கேளுங்கள் அண்ணை. தூரம் 50 மீற்றருக்கு மேலே என்றால் 4 எடுங்கள், இல்லாவிட்டால் மோட்டர் இழுக்கக் கஷ்டப்படும். மாரி மழை தொடங்கமுன் மெசின் பெட்டியையும் ஒருக்கால் திறந்து பாருங்கள்.