டெப்பட் கவர் பெக்கிங்கை (எஞ்சின் மேல்மூடியின் கசிவு தடுக்கும் ரப்பரை) வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி (வெள்ளவத்தை):
வணக்கம். 2007 டொயோட்டா அக்சியோ கார், 1என்இஸட் எஞ்சின். டெப்பட் கவரின் பின்பக்கம் ஒயில் கசிந்து எக்சோஸ்ட் மெனிபோல்டில் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாயில்) விழுகிறது. காலி வீதி நெரிசலில் நிற்கும்போது ஏசி வழியே கருகல் வாடை. மூன்றாவது ஸ்பார்க் பிளக் குழிக்குள்ளும் ஒயில் நிற்கிறது. என்னென்ன வாங்க வேண்டும்? எங்கே பிழை வரும்?

பதில் 1:
தாராளமாக மாற்றலாம். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் சேசி நம்பரைச் சொல்லியே பெக்கிங் கேளுங்கள். பிளக் குழி வளையங்கள் சில செட்டில் ஒட்டியே வரும், சிலதில் தனி. குழிக்குள் ஒயில் நிற்பதால் அவையும் கட்டாயம் புதிது வேண்டும். சாம்பல் நிற எஞ்சின் சிலிக்கனும் ஒரு டியூப்.

எஞ்சின் நன்றாக ஆறட்டும். கவரைச் சுற்றியுள்ள மணலைத் துடைத்துவிட்டுக் கழட்டத் தொடங்குங்கள். பிளக்குக்கு மின்சாரம் தரும் கொயில்களின் கிளிப்புகள் வெப்பத்தில் மொறுமொறுவென்று ஆகியிருக்கும், அழுத்திப் பிடித்து மெதுவாக இழுங்கள். குழியிலுள்ள ஒயிலைத் துணியால் ஒற்றி எடுங்கள். பிளக்கைக் கழட்ட வேண்டாம், கழட்டினால் ஒயில் சிலிண்டருக்குள் போகும். கவர் ஒட்டிக்கொண்டால் ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் அலுமினியத்தில் கீறல் விழும், புதுப் பெக்கிங்கும் அந்தக் கீறலால் கசியும்.

வேலையின் உயிரே துடைப்பதில்தான். ஹெட்டின் (கவர் உட்காரும் எஞ்சின் பகுதியின்) விளிம்பு, கவரின் பள்ளம் இரண்டும் விரலுக்கு வழவழவென்று வர வேண்டும். சிலிக்கன் இரண்டே இடத்துக்கு: டைமிங் செயின் கவர் ஹெட்டோடு சேரும் இரு மூலைகளிலும் பயறளவு. பூசி 3 நிமிடத்துக்குள் கவரை வையுங்கள். சுற்றிலும் பூசிவிடாதீர்கள், உள்ளே பிதுங்கிய துண்டு உடைந்து சம்பில் (எஞ்சின் அடியிலுள்ள ஒயில் தொட்டியில்) உள்ள ஒயில் வலையை அடைக்கும்.

போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். முடிவு இறுக்கம் 10 நியூட்டன் மீட்டர். ஒயில் விடவோ ஸ்டார்ட் பண்ணவோ முன் 2 மணித்தியாலம் விடுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னதோடு பிசிவி வால்வையும் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் வால்வு) பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே காற்றழுத்தம் ஏறி, எத்தனை பெக்கிங் போட்டாலும் அதே இடத்தில் தள்ளும். கழட்டிக் குலுக்கினால் 'டக் டக்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் புதிது போடுங்கள். ஒயிலில் ஊறி உப்பிய கொயில் ரப்பரையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் மிஸ்ஸிங் (எஞ்சின் விட்டு விட்டு ஓடுவது) நிற்காது.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. டோர்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ரென்ச்) இல்லையே?

பதில் 1:
ஒரு நாளைக்கு யாரிடமாவது வாங்கிக்கொள்ளுங்கள், கால் அங்குல டிரைவ் உள்ள சிறியதுதான் வேண்டும். கை மதிப்பில் இறுக்கினால் ஹெட்டின் புரி கழன்றுவிடும், அது பெக்கிங்கை விடப் பல மடங்கு செலவு. கவரை இறக்கும்போது பின்பக்கத்தை டோர்ச் அடித்துப் பாருங்கள், அங்கேதான் பெக்கிங் பள்ளத்திலிருந்து நழுவும். மெனிபோல்டில் ஏற்கனவே படிந்த ஒயில் எரிந்து தீரும்வரை சில நாள் வாடை இருக்கும். அதைப் பார்த்து மறுபடி கழட்டிவிடாதீர்கள்.