மறுமொழி: ‘ஃபிகரின்’ – சிறுசிலையா, பாவையா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டு அலங்காரப் பொருள்களின் விவரப்பட்டியலைத் தமிழாக்கிவரும் அம்மா கேட்ட ‘ஃபிகரின்’ (figurine, அலமாரியிலோ மேசையிலோ அழகுக்கு வைக்கும் சிற்றுருவம்) என்பதற்கு இதுவரை சிறுசிலை, சிற்றுருவச் சிலை, அலங்கார பொம்மை என்று மூன்று சொற்கள் வந்துள்ளன. எனக்கு மூன்றிலும் மனம் ஒட்டவில்லை. என் பரிந்துரை: பாவை.

> சிலை என்பதே போதாதா? உருவம் சிறியது என்றால் முன்னால் ‘சிறு’ சேர்த்துவிடலாம்.

சிக்கல் அளவில் இல்லை ஐயா. சிலை என்று சொன்ன மறுநொடியே நம் வீடுகளில் கேள்விகள் கிளம்பிவிடும். கூடத்தில் வைக்கலாமா? எந்தத் திசை பார்க்க வேண்டும்? தினமும் பூ வைக்காவிட்டால் தோஷமா? சுவாமிமலையில் வார்க்கும் உருவங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கலந்து உருவத்தைப் பிடிக்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டலைக் குழைத்து முதல் பூச்சு. பிறகு மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். மெழுகில் விழுந்த ஆடை மடிப்பின் கீற்றுகூட வண்டலில் பதிந்து உலோகத்துக்கு வந்துவிடும். கோயிலுக்குப் போகிற விக்கிரகத்துக்கும் வரவேற்பறைக்குப் போகிற நடராஜருக்கும் இந்தக் கட்டம்வரை வழி ஒன்றுதான். கோயில் விக்கிரகத்துக்குக் கண் திறக்கும் சடங்கு உண்டு. வரவேற்பறை நடராஜருக்கு அதை யாரும் கேட்பதில்லை. வேலைப்பாடு ஒன்று, பயன் வேறு. நமக்குத் தேவை அந்தப் பயனைச் சொல்லும் பெயர்.

‘பொம்மை’ பற்றி அதிகம் பேச வேண்டாம். அந்தச் சொல்லோடு விற்றால் வாங்கியவர் வீட்டுக் குழந்தைதான் முதலில் கேட்கும். பீங்கான் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, பாவைக்கு என்ன தகுதி? நெடுநல்வாடையில் அரண்மனைக்குள் ‘யவனர் இயற்றிய வினைமாண் பாவை’ ஒன்று நிற்கிறது. அதன் கையில் அகல். அந்த அகல் நிறைய நெய் சொரிந்து விளக்கேற்றுகிறார்கள். கடல் கடந்து வந்தவர் செய்த உருவம், இருப்பிடத்துக்குள், வெளிச்சத்துக்கும் அழகுக்கும் வைத்தது, கும்பிட அல்ல. நம் பட்டியலில் இருக்கும் பொருளுக்கு இதைவிட நெருக்கமான பழஞ்சான்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பாவையின் வாரிசு பாவை விளக்கு என்ற பெயரில் இன்றும் பாத்திரக் கடைகளில் விற்கிறது. குறளிலும் ‘மண்மாண் புனைபாவை’ (407), ‘மரப்பாவை’ (1020) இரண்டும் இருக்கின்றன. மரத்தால் செய்தால் மரப்பாவை என்ற அமைப்பிலேயே வெண்கலப் பாவை, பீங்கான் பாவை, கண்ணாடிப் பாவை என்று எதையும் ஆக்கிக்கொள்ளலாம். தொல்லியலில் ‘சுடுமண் பாவை’ ஏற்கெனவே புழங்குகிறது.

> பாவை என்றால் பெண். வில்லேந்திய ராமனையும் பாவை என்பீர்களா?

தோற்பாவைக் கூத்தில் ராமனும் பாவை, ராவணனும் பாவை. திரைக்குப் பின்னால் ஆட்டுகிறவர் ஒருநாளும் இதற்காகச் சங்கடப்பட்டதில்லை!

> இது ஐரோப்பியப் பொருள். பழந்தமிழ்ச் சொல்லைப் போட்டு மூடலாமா?

பொருள் ஐரோப்பியம் என்பது உண்மை. அங்கே விருந்து மேசைகளில் முதலில் சர்க்கரைப் பாகில் செய்த உருவங்களை நிறுத்தினார்கள். 1710இல் ஜெர்மனியின் மைசன் நகரில் பீங்கான் ஆலை வந்தது, 1731இல் கேண்ட்லர் என்ற சிற்பி அங்கே வேலைக்குச் சேர்ந்தார். சர்க்கரை உருவங்களின் இடத்தைப் பீங்கான் உருவங்கள் பிடித்துக்கொண்டன. தின்று தீர்ப்பது போய்ப் பேழைக்குள் சேர்ப்பது வந்தது. ஆனால் வேலை அதேதான்: வந்தவர் கண்ணுக்கு விருந்து. பீங்கான் பாவை என்று சொல்வதால் மைசனுக்கு ஒரு குறையும் இல்லை.

எல்லை ஒன்று வைத்துக்கொள்வோம். ஒரு கையால் தூக்கி இடம் மாற்ற முடிந்தால் பாவை. ஆள் வைத்துத் தூக்க வேண்டுமானால் சிலை. மொகஞ்சதாரோ நடனமாதுவைப் பாடநூல் படத்தில் பார்த்தவர்கள் ஆளுயரம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். உயரம் 10.5 செ.மீ.தான், நம் கணக்குப்படி பாவை. சுவரோடு ஒட்டியவற்றுக்குப் புடைப்புச் சிற்பம் என்ற சொல் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

அதே பட்டியலில் சுவரில் குடைந்த அலங்கார இடத்தை ‘நிஷ்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மாடம் என்று போடுங்கள் அம்மா. விளக்கு வைத்த மாடத்தில்தான் இப்போது பாவை உட்காருகிறது. அப்புறம், உச்சியிலிருந்து நேராக விளக்கடிக்கும் படம் ஒன்றும் அதில் இருந்தது. அப்படி அடித்தால் புருவ நிழல் விழுந்து கண்குழி இருண்டுபோகும். பக்கவாட்டிலிருந்து சாய்த்து அடிக்கச் சொல்லுங்கள். கலைச்சொல்லுக்கு அப்பாற்பட்டது, இருந்தாலும் பொறுக்கவில்லை.

அன்புடன்

———

ஐயா, வணக்கம். விளக்கத்துக்கு மிக்க நன்றி. பாவையை ஏற்றுக்கொள்கிறேன். வீட்டுக்குரியது என்று தெரிய ‘மனைப்பாவை’ ஆக்கலாமா? பட்டியலில் யானை, குதிரை, ஆந்தைகூட நிறைய இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது?

———

மனைப்பாவை வேண்டாம் அம்மா. படிப்பவர்கள் இல்லத்தரசி என்று எடுத்துக்கொள்வார்கள், வீட்டில் இருப்பவரிடம் நான் பதில் சொல்ல வேண்டிவரும். வெறும் பாவையே போதும். விலங்குகளுக்கு ‘உருவாரம்’ என்ற நல்ல சொல் இருக்கிறதே?

———

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் கொங்குப் பக்கம். எங்கள் ஊரில் உருவாரம் என்றால் நேர்ந்துகொண்டு கோயிலில் கொண்டுபோய் வைக்கும் மண்மாடு, மண்குதிரை. வைத்ததை யாரும் வீட்டுக்குத் தூக்கி வருவதில்லை. அந்தப் பெயரில் அலமாரிப் பொருளை விற்றால் எங்கள் அப்பத்தா வாசலோடு நிறுத்திவிடுவார். தோற்பாவைக் கூத்தில் அனுமனும் பொன்மானும் பாவைதானே, யானைப் பாவை என்று சொன்னால் என்ன குறை?

———

உருவாரத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். யானைப் பாவை சரி, ஆந்தைப் பாவையும் போகப்போகப் பழகிவிடும். அம்மா, பட்டியலில் ‘பாவை’ என்றே போட்டு, முதல் பக்கத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் ‘ஃபிகரின்’ என்று கொடுங்கள். அடுத்த மடலில் ‘பஸ்ட்’ எடுத்துக்கொள்வோம். ‘மார்பளவுச் சிலை’ ரொம்ப நீளம்.