இரண்டு பக்கமும் ஸ்லைடிங் டோர் உள்ள வேன்: சைல்டு லாக் போடலாமா, வேண்டாமா?

இரணியல் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். போன லீவில் வந்தபோது ஏழு பேர் உட்காரும் பழைய வேன் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு பக்கமும் ஸ்லைடிங் டோர். ஓட்டுவது நான்தான். கூட வருவது மாமி, எட்டு வயது மகள், நாலு வயது மகன். சில நாள் நாத்தனாரும் வருவார்.

சின்னவனுக்குக் கைப்பிடி கண்ணில் பட்டால் இழுத்தே ஆக வேண்டும். போன வாரம் அழகியமண்டபம் ஜங்ஷனில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது வலது பக்கக் கதவைத் திறந்துவிட்டான். பக்கத்திலேயே பஸ் போய்க்கொண்டிருந்தது. மகள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். எனக்கு அன்று முழுக்கக் கை நடுக்கம் நிற்கவில்லை.

சைல்டு லாக் போட்டுவிடலாம் என்றால் மாமி சம்மதிக்கவில்லை. "ஏதாவது ஆனால் நான் எப்படி இறங்குவேன், உள்ளேயே கிடக்கவா?" என்று கேட்கிறார். அவருக்கு மூட்டு வலி உண்டு. அவர் கேட்பதும் நியாயமாகத்தான் படுகிறது.

வண்டியில் பிறகு மாட்டிய ரிமோட் சென்ட்ரல் லாக் இருக்கிறது. சில நேரம் இடது ஸ்லைடிங் டோர் மட்டும் பூட்டாமல் இருந்துவிடுகிறது. பின் சீட்டில் சீட் பெல்ட் இருக்கிறதா என்றே தெரியவில்லை, சீட் கவர் எல்லாவற்றையும் மூடியிருக்கிறது. சின்னவன் மாமி மடியில்தான் உட்காருவான்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருவட்டாறு டிரைவர்:

தங்கச்சி, நான் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு வேன் ஓட்டுகிறவன். கல்யாணம், மண்டைக்காடு கொடை, வேளாங்கண்ணி என்று பாட்டா முதல் கைக்குழந்தை வரை ஏறுவார்கள். நீங்கள் சொன்னது எனக்கு நன்றாகத் தெரிந்த பயம்.

சைல்டு லாக்கும் சென்ட்ரல் லாக்கும் வேறு வேறு வேலை செய்கின்றன. சென்ட்ரல் லாக் போட்டால் வெளியே இருந்து யாரும் திறக்க முடியாது, உள்ளே இருப்பவர் கதவில் இருக்கும் குமிழை விடுவித்துத் திறந்துகொள்ளலாம். சைல்டு லாக் இதற்கு நேர் எதிர். உள்ளே எவ்வளவு இழுத்தாலும் திறக்காது, வெளியே இருக்கும் கைப்பிடி எப்போதும்போலத் திறக்கும். அதனால் சைல்டு லாக் போட்ட வண்டி எங்கேயாவது முட்டினால், ரோட்டில் இருப்பவர்கள் ஓடிவந்து திறக்க ஒரு தடையும் இல்லை. சென்ட்ரல் லாக் விழுந்திருந்தால்தான் அவர்களால் திறக்க முடியாமல் போகும். புது வண்டிகள் பலவற்றில் மோதியதும் லாக் தானாக விடுபடும். உங்கள் பழைய வண்டியில் அது இருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். சென்ட்ரல் லாக்கைக் கையால் விடுவிக்கும் வசதி இருக்க வேண்டும் என்பது 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களுக்குச் சட்டமாகவே வந்துவிட்டது. பிறகு மாட்டிய லாக்கிலும் குமிழ் கையால் நகர்கிறதா என்று ஒவ்வொரு கதவாகப் பாருங்கள். மாமிக்கும் மகளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டு எடுக்கும் அளவுக்கு அந்த இடம் பழக வேண்டும்.

இனி நான் உங்கள் வண்டியில் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். வலது கதவில் சைல்டு லாக்கைப் போட்டு அப்படியே விட்டுவிடுவேன். நம் ரோட்டில் வலது பக்கம் இறங்குவது என்றால் ஓடுகிற வண்டிகளுக்கு நடுவே கால் வைப்பது. தக்கலை, மார்த்தாண்டம் கடைவீதியில் பெரியவர்களையே நான் அந்தப் பக்கம் இறங்க விடமாட்டேன். சின்னவனை நடு வரிசையில் அந்த வலது ஜன்னலோரம், பிள்ளைகளுக்கான சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வையுங்கள். அங்கே இருந்து இடது கதவுக் கைப்பிடி அவனுக்கு எட்டாது.

இடது கதவில் சைல்டு லாக் வேண்டாம். அது எல்லாரும் வெளியேறுவதற்கான வழி. அதன் பக்கத்தில் மகள் இருக்கட்டும். எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொன்னால் புரியும், உங்கள் மகள் தம்பியைப் பிடித்து இழுத்த பிள்ளை. வண்டி நின்று, கை பிரேக் போட்டு, "இறங்கு" என்று நீங்கள் சொன்ன பிறகுதான் கைப்பிடியைத் தொட வேண்டும் என்று பழக்குங்கள்.

மாமியை முன் சீட்டுக்கு மாற்றுங்கள். முன் கதவுகளில் சைல்டு லாக் என்று ஒன்று கிடையாது, அவர் நினைத்தபோது இறங்கலாம். ஏறுவது உயரமாக இருந்தால் ஒரு சின்ன மரப்பலகை வைத்துக்கொள்ளுங்கள்.

சைல்டு லாக் எங்கே என்றால், ஸ்லைடிங் டோரைத் திறந்து அதன் ஓரத்தைப் பாருங்கள். கொண்டி மாட்டும் இடத்துக்கு அருகே சின்ன நெம்பு ஒன்று இருக்கும், சில வண்டிகளில் சாவி முனையால் திருப்ப வேண்டும். போட்ட பிறகு சோதிக்கும்போது வெளியே ஒருவரை நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய வேன்களில் நடுக் கண்ணாடி இறங்காது, பக்கவாட்டில் கொஞ்சம்தான் நகரும், அதன் வழியே கையை விட்டு வெளிக் கைப்பிடியைப் பிடிக்க முடியாது.

கதவு முழுசாக மாட்டியதா என்பதும் முக்கியம். லாக்கில் இரண்டு நிலை உண்டு, அரைகுறையாக மாட்டியிருந்தாலும் கதவு மூடியதுபோலவே தெரியும். கையால் வெளியே தள்ளிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் திறந்து மறுபடி வேகமாக மூடுங்கள். குலசேகரம், பேச்சிப்பாறை இறக்கத்தில் நிறுத்தும்போது திறந்த கதவு கடைசி வரை போய் நிற்கவில்லை என்றால் தன் எடையிலேயே திரும்பி ஓடிவரும், பிள்ளைகள் விரல் அந்த இடுக்கில்தான் மாட்டும். வெயிலுக்குக் காற்று வரட்டும் என்று கதவைத் திறந்து வைத்து ஓட்டுகிறார்களே, அதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

ரிமோட் கோளாறுக்கு: சில வேன்களில் ஸ்லைடிங் டோருக்கு நேராக ஒயர் போகாது. கதவு மூடும்போது தூணில் இருக்கும் சின்ன பித்தளை முனைகள் கதவில் உள்ள முனைகளைத் தொட்டால்தான் கரண்ட் போகும். நம் கடற்கரைக் காற்றில் அது களிம்பு பிடித்துவிடும். ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் முதலில் அதைத் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரிமோட் சத்தம் கேட்டதை நம்பிப் போகாமல் கதவை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

மார்த்தாண்டம் நர்ஸ்:

அண்ணன் கதவைப் பற்றி நன்றாகச் சொல்லிவிட்டார். நான் மடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். விபத்துப் பிரிவில் வேலை பார்க்கிறேன், அதனால் இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

மாமி சின்னவனை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அந்தப் பிடி நிற்காது. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி எதன் மீதாவது மோதி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 கிலோ குழந்தையைப் பிடித்திருக்கும் கைகளுக்கு அந்த நேரத்தில் நூறு கிலோவுக்கு மேல் பாரம் வரும். நாலு வயதுப் பையன் அதைவிட எடை. ஒரே பெல்ட்டை இரண்டு பேருக்கும் சேர்த்துப் போடுவது இன்னும் மோசம், பெரியவர் உடல் முழுக்கப் பிள்ளையை பெல்ட்டில் வைத்து நசுக்கும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு பெல்ட்டோ பிள்ளைகளுக்கான சீட்டோ இல்லை என்றால் 1000 ரூபாய் அபராதம். எனக்கு அபராதம் பெரிதில்லை, பிள்ளைதான் பெரிது.

பிள்ளைகளுக்கான சீட் வாங்கும்போது ஈசிஇ ஆர்44 அல்லது ஆர்129 என்று பாதுகாப்புத் தர ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். அந்தச் சீட்டை நேராக மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி உங்கள் வண்டியில் இருக்க வாய்ப்பு குறைவு, அதனால் வண்டியின் பெல்ட்டாலேயே கட்டும் வகையாகக் கேளுங்கள். கட்டிய பிறகு பெல்ட் போகிற இடத்தில் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. மகளுக்கும் பூஸ்டர், அதாவது உயர்த்தி உட்கார வைக்கும் சீட், தேவைப்படும். 145 சென்டிமீட்டர், அதாவது நாலே முக்கால் அடி உயரம் வரும் வரை பெரியவர்களுக்கான பெல்ட் பிள்ளைகளின் கழுத்திலும் வயிற்றிலும்தான் விழும்.

பெல்ட் எங்கே என்று கேட்டீர்கள். பெரும்பாலும் சீட் கவருக்கு அடியில்தான் கிடக்கும். கவர் மாட்டுகிறவர்கள் பக்கிளை உள்ளே தள்ளி மூடிவிடுகிறார்கள். சீட்டும் முதுகுச் சாய்வும் சேரும் இடத்தில் கையை விட்டுப் பாருங்கள். புது வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனியுங்கள்: சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால் சாதாரணக் கவர் அதை விரியவிடாது.

பின் சீட்டுக்கு பெல்ட் எதற்கு என்று நிறையப் பேர் கேட்பார்கள். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தில் அவர் பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார். எவ்வளவு விலை உயர்ந்த வண்டியாக இருந்தாலும் பின்னால் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்றால் முன்னால் இருப்பவர் மீதுதான் போய் விழுவார். பெல்ட் போடாததற்கு வரும் பீப் சத்தத்தை நிறுத்த, பக்கிளில் செருகும் கொக்கியை ஆன்லைனில் விற்றார்கள். 2023ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னது. யாராவது வைத்திருந்தால் தயவுசெய்து எடுத்து வீசிவிடுங்கள்.

மாமி சேலை கட்டியிருப்பார். பெல்ட்டின் கீழ்ப் பகுதி வயிற்றின் மேல் இருக்கக் கூடாது, இடுப்பு எலும்பின் மேல் படிய வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் வயிற்றுக்குக் கீழேதான்.

தோவாளை பெரியப்பா:

மக்கா, மாமியை முன் சீட்டுக்கு மாற்றச் சொன்னார்கள், சரிதான். ஆனால் ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போனால் ஒன்று கவனிக்கணும். முன் கதவு வெளியே விரியும் கதவு. காற்று வண்டியின் பின்னால் இருந்து அடித்தால் திறந்த கதவைக் கையோடு பிடுங்கிக்கொண்டு போகும், வயசானவர்கள் கூடவே விழுவார்கள். காற்றைப் பார்த்து வண்டியை நிறுத்து. அப்போது காற்று கதவை மூடத்தான் பார்க்கும். நீ இறங்கிப் போய் வெளியே இருந்து பிடித்துக்கொண்டு திறந்துவிடு.

இன்னொன்று தண்ணீர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பாதி ரோடு சானல் கரையிலும் குளத்துக் கரையிலும்தான் போகிறது. மழைக்காலத்தில் ரோட்டின் ஓரம் எது, தண்ணீர் எது என்று ராத்திரி தெரியாது. வண்டி தண்ணீரில் இறங்கிவிட்டால் கதவோடு போராடி நேரத்தை வீணாக்கக் கூடாது. தண்ணீர் வெளியே இருந்து அழுத்தும்போது கதவு திறப்பது பெரும்பாடு. பெல்ட்டைக் கழற்று, கண்ணாடியைத் திற, பிள்ளைகளை முதலில் வெளியே அனுப்பு. முன் கண்ணாடியை உடைக்க முயலாதே, அது இரண்டு அடுக்காக ஒட்டிய கண்ணாடி, விரிசல் விடும், வழி விடாது. பக்கக் கண்ணாடிதான் பொடியாக உதிரும். மூலையில் அடிக்கணும். அதற்கென்று கூரான சின்னச் சுத்தியல் விற்கிறது, பெல்ட் அறுக்கும் பிளேடும் அதிலேயே இருக்கும். ஒன்று உன் கைக்கு எட்டும் இடத்திலும் ஒன்று நடு வரிசையிலும் மாட்டி வை. டிக்கியில் கிடந்தால் பிரயோஜனம் இல்லை. பல வேன்களில் டிக்கிக் கதவை உள்ளே இருந்து திறக்கவே முடியாது.

இரணியல் பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பெல்ட் கிடைத்துவிட்டது! நர்ஸ் அக்கா சொன்ன இடத்திலேயே கவருக்கு அடியில் கிடந்தது. சீட் கவர் கடையில் கொடுத்து பக்கிள் வெளியே வருகிற மாதிரி கிழித்து ஓரம் தைத்து வாங்கிவிட்டேன். ஜன்னலோரம் இரண்டிலும் தோள் பெல்ட் இருக்கிறது, நடுவில் இடுப்புப் பெல்ட் மட்டும்தான். பிள்ளைகள் இரண்டு பேரும் ஜன்னலோரம், நாத்தனார் வந்தால் நடுவில் என்று வைத்திருக்கிறேன்.

ரிமோட் கோளாறு அந்த பித்தளை முனைதான் அண்ணா. துடைத்ததும் சரியாகிவிட்டது. மாமி முன்னால் உட்கார்ந்து, குமிழை அவரே நாலைந்து தடவை எடுத்துப் பார்த்த பிறகுதான் முகம் தெளிந்தது. வலது கதவுக்கு சைல்டு லாக் போட இப்போது அவருக்கு மறுப்பு இல்லை.

இரண்டு சந்தேகம். பின் வரிசை காலி என்பதால் அம்மா வீட்டிலிருந்து மரச்சீனிக் கிழங்கு, தேங்காய் மூட்டை எல்லாம் அங்கேதான் வைக்கிறோம். அது பரவாயில்லையா? அப்புறம் இடது கதவு கரகரவென்று சத்தம் போட்டு இழுக்கக் கஷ்டமாக இருக்கிறது. மகளால் தனியாகத் திறக்க முடியவில்லை. தண்டவாளத்தில் எண்ணெய் விடலாமா?

திருவட்டாறு டிரைவர்:

மூட்டையைச் சீட்டின் மேல் வைக்காதீர்கள், சீட்டுக்குக் கீழே தரையில், நடு வரிசையின் முதுகோடு ஒட்டி வையுங்கள். பிரேக் அடித்தால் சீட்டின் மேல் இருக்கிற தேங்காய் நேராகப் பிள்ளைகளின் தலைக்குத்தான் வரும். பலாப்பழம் போன்ற கனமான சாமானைக் கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள்.

இடது கதவு மகளால் திறக்கும்படி இருந்தே ஆக வேண்டும், அதை நம்பித்தான் அந்தப் பக்கம் லாக் வேண்டாம் என்று சொன்னேன். அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். எஞ்சின் ஆயில், தேங்காய் எண்ணெய் எதுவும் விட வேண்டாம், மணல் போய் ஒட்டிக்கொண்டு இன்னும் இறுகும். மணவாளக்குறிச்சி, முட்டம் கடற்கரைக்குப் போய் வந்திருந்தால் பிள்ளைகள் காலோடு வந்த கருமணல் கீழ்த் தண்டவாளம் முழுக்க இருக்கும். பழைய பல் தேய்க்கும் பிரஷால் சுரண்டி எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, காய்ந்த பிறகு வெள்ளை கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள். மேலேயும் கதவின் நடுவிலும் தண்டவாளம் உண்டு, அவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

அதற்குப் பிறகும் கரகரப்பு போகவில்லை, மூடும்போது கதவைக் கொஞ்சம் தூக்கித்தான் மூட வேண்டியிருக்கிறது என்றால் ரோலர் தேய்ந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் கதவைக் கழற்றி ரோலரை மாற்றிவிட்டு, மகளையே உட்கார வைத்துத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். அவளால் சுலபமாக முடிந்தால்தான் வண்டியை ஒர்க்‌ஷாப்பிலிருந்து எடுக்க வேண்டும்.